தொட்டியில் எழுதியிருந்த எண்

கல்லூரியைப் பாதியில் விட்டவனுக்கு ஒரு வசதி உண்டு. வீட்டில் எந்த வேலை முளைத்தாலும் அதை அவன் தலையில் கட்டிவிடுவார்கள். அவன் இரவு வேலைக்குப் போகிறவனாகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பகலெல்லாம் சும்மா கிடக்கிறான் என்று முடிவு செய்துவிடுவார்கள். தூங்குவதை யாரும் ஒரு காரியமாக மதிப்பதில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலை, குளிர்பதனக் கிடங்கில் இரவு முழுக்கப் பெட்டி அடுக்கிவிட்டு வந்து, போட்டிருந்த கம்பளிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்திருந்தேன். அக்கா வந்து போர்வையை உருவினாள்.

"எழுந்திரிடா. வியாழக்கிழமை அந்த அம்மா வர்றாங்க."

"எந்த அம்மா?"

"லைசென்ஸ் அம்மா. குழாயைத் திறந்தா தண்ணி வரணுமாம். டிரம்முல மொண்டு ஊத்துறதெல்லாம் செல்லாதாம். வரலைன்னா அன்னைக்கே இழுத்து மூடிடுவாங்களாம்."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"நமக்குத் தண்ணி விடுறது யாருன்னு கண்டுபிடி."

"இத்தனை நாளா குடிச்சியே, உனக்குத் தெரியாதா?"

"வந்துக்கிட்டு இருக்கற வரைக்கும் யாரு விடுறாங்கன்னு எதுக்குக் கேக்கணும்?"

அதில் நியாயம் இருந்தது. எழுந்தேன்.

அக்கா எங்கள் வீட்டு முன்னறையில் பிள்ளைகள் காப்பகம் நடத்துகிறாள். பிள்ளைகளின் அம்மாக்கள் என் கிடங்கிலேயே பகலில் காய்கறி தரம் பிரிக்கிறார்கள். காலையில் அவர்கள் உள்ளே போகும்போது நான் வெளியே வருவேன். சுற்றுவட்டாரத்தில் வேறு காப்பகம் கிடையாது. இது மூடினால் அக்காவின் பிழைப்பு போகும். அந்தப் பெண்களில் பாதிப் பேர் பிள்ளையை விட இடமில்லாமல் வேலையை விடுவார்கள்.

தண்ணீர் நின்றது ஒரு மாதத்துக்கு முன்னால். பம்ப் மோட்டார் எரிந்து ஊரே காய்ந்தது. பிறகு மோட்டாரைச் சரி செய்தார்கள், ஊருக்குத் தண்ணீர் வந்தது, எங்கள் தெருவுக்கு மட்டும் வரவில்லை. தெரு என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். வாய்க்காலைத் தாண்டி ஒரு மண் பாதை, அதில் சில வீடுகள். முதல் வீடு எங்களுடையது. கோடியில் இருக்கிறவருக்குச் சொந்த ஆழ்துளைக் கிணறு உண்டு. அவருக்குக் கவலை இல்லை. சில வீடுகள் பூட்டிக் கிடந்தன. மிச்சம் இருந்தவர்கள் அடுத்த தெருக் குழாயில் குடம் பிடித்துக்கொண்டு, நாளைக்கு வரும், நாளைக்கு வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் அவர்களில் ஒருவன்தான். வேலை முடிந்து வரும் வழியில் சைக்கிளில் இரண்டு கேன் கட்டிக்கொண்டு வருவேன்.

காப்பகத்து லைசென்ஸுக்காகச் சோதனை போட வரும் அந்த அம்மா லேசுப்பட்டவர் இல்லை. போன தடவை வந்தபோது வாசலில் இருந்த மூடியில்லாத குழியைப் பார்த்துவிட்டு, "பிள்ளை விழுந்தா நீங்களா பதில் சொல்வீங்க?" என்று கேட்டு, மூடச் சொல்லிவிட்டுப் போனார். அக்கா புருஷன், என் மச்சான், டைல்ஸ் போடும் மேஸ்திரி. ஊரில் தண்ணீர் இல்லாமல் கட்டட வேலையெல்லாம் நின்றுபோன அந்த நாட்களில், வாய்க்கால் தண்ணீரில் கலவை குழைத்து, குழியை மூடி, வாசல் முழுக்க நீலமும் வெள்ளையுமாக ஒரு தரை போட்டார். ஊரான் வீட்டுக்கே உழைத்தவர் முதல்முறையாகத் தன் வீட்டுக்குச் செய்த வேலை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதில் நடக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார்.

ஊர் மேல்நிலைத் தொட்டியில் சிவப்பு பெயிண்டில் ஒரு போன் எண் எழுதியிருந்தது. குடிநீர்ப் புகாருக்கு என்று. கூப்பிட்டேன்.

"தையல் கடை," என்றது ஒரு பெண் குரல். பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"தண்ணி ஆபீஸ் இல்லீங்களா?"

"தொட்டியைப் பாத்துட்டுத்தானே கூப்பிடுறீங்க?"

"ஆமா."

"எழுதினவன் ஒரு எண்ணை மாத்தி எழுதிட்டுப் போயிட்டான் தம்பி. என் பொண்ணைப் பள்ளிக்கூடத்துல சேர்த்த வருஷம். இப்ப அவ காலேஜ் போறா. சொல்லுங்க, எந்தத் தெரு?"

"நீங்கதான் தண்ணி ஆபீஸ் இல்லையே."

"ஆபீஸ்ல இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சதை விட எனக்கு ஜாஸ்தி தெரியும். இத்தனை பேர் கூப்பிட்டுத் திட்டியிருக்காங்களே. தெருவைச் சொல்லுங்க."

"வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்."

மெஷின் நின்றது. "அச்சச்சோ."

"என்ன அச்சச்சோ?"

"அந்த ஒரு இடம்தான் எனக்கும் பிடிபடலை. குடிநீர் வாரியத்தோடதா, விவசாயச் சங்கத்தோடதா, யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. முதல்ல வாரியத்துக்குப் போங்க. கீழ உக்காந்திருக்கறவர்கிட்ட நிக்காதீங்க, அவர் கரண்ட் பில்லு. மாடி ஏறுங்க, கண்ணாடிக்காரர் ஒருத்தர் இருப்பார். சீக்கிரம் போனா வந்திருக்க மாட்டார், லேட்டாப் போனா கிளம்பியிருப்பார். பாத்துட்டு எனக்கும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அடுத்தவங்க கூப்பிட்டா நான் பதில் சொல்லணும்ல."

கண்ணாடிக்காரர் இருந்தார். அவர் தலைக்கு மேல் சுவரில் ஊர் வரைபடம் தொங்கியது. குழாய்கள் நீலக் கோடுகளாக ஓடின. வாய்க்கால் வரை வந்து நின்றன.

"எங்க தெரு இங்க," என்று விரலை வைத்தேன்.

"அங்க தெருவே இல்லையே."

"நான் அங்கதான் சார் தூங்கறேன்."

"தூங்குங்க, யாரு வேணாம்னா? படத்துல அது வயல்."

"அப்ப போன மாசம் வரைக்கும் எங்களுக்குத் தண்ணி எங்கிருந்து வந்துச்சு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதைத்தான் நானும் கேக்கறேன். யாரைக் கேட்டு வந்துச்சு?"

இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் வாங்கிய தண்ணீரையெல்லாம் திருப்பிக் கொடு என்பார் போலிருந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சங்கத்தைக் கேளுங்கள் என்று அனுப்பினார். சங்கத்துக் கட்டடம் பூட்டியிருந்தது. அதன் செயலாளர் கடைத்தெருவில் விதைக்கடை வைத்திருந்தார். விதை நிறுத்துக்கொண்டே பேசினார்.

"சங்கமா? பம்பைத் தூக்கி வாரியத்துக்குக் கொடுத்து எத்தனையோ வருஷம் ஆச்சு. எங்ககிட்ட மிச்சம் இருக்கறது வாசல்ல தொங்குற போர்டு மட்டும்தான். வேணும்னா கழட்டிக்கிட்டுப் போங்க."

திங்கட்கிழமை அதோடு முடிந்தது. அன்று இரவு வேலைக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை நேராகக் கிடங்கிலிருந்து வாரியத்துக்குப் போய், மாடியில் கண்ணாடிக்காரருக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"நேத்தே சொல்லிட்டேனே," என்றார்.

"சங்கத்துல பம்ப் உங்களோடதுன்னு சொல்றாங்க."

"பம்ப் எங்களோடதுதான். பைப் எங்க போகுதுன்னு நான் கண்டேனா?"

"கண்டவங்க யாருன்னு சொல்லுங்க. அதுவரைக்கும் இங்கயே இருக்கேன். எனக்கு ராத்திரிதான் வேலை."

அவர் காகிதங்களைப் புரட்டினார். நான் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். மேசையில் தட்டி எழுப்பினார்.

"ஹலோ. ஆபீஸ்ல தூங்கக் கூடாது."

"எல்லாருக்குமா சார் அந்தச் சட்டம்?"

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். கண்ணாடிக்காரருக்குக் காது சிவந்தது. மத்தியானம் வரை என்னைப் பார்க்காத மாதிரி இருந்தார். பிறகு என் குறட்டை தாங்க முடியாமலோ என்னவோ, இறங்கி வந்தார்.

"இந்தாப்பா. பம்பையும் வால்வையும் பாத்துக்கிட்டு இருந்த பெரியவர் போன மாசம் ஓய்வு வாங்கிட்டு மகன் வீட்டோட போயிட்டார். அவருக்குப் பதிலா ஆள் போட்டிருக்கு. அவங்களைப் போய்க் கேளு."

"யாரு அவங்க? எங்க இருப்பாங்க?"

"எனக்கென்ன தெரியும்? தொட்டியில போன் நம்பர் எழுதியிருக்கும் பாரு."

படி இறங்கும்போது எனக்குக் கோபம்கூட வரவில்லை. மறுபடி அதே எண்ணைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னதும் தையல்காரம்மா சிரித்த சிரிப்பில் மெஷின் நின்றுவிட்டது.

"என்னையவே கேக்கச் சொல்லிட்டாரா! சரி, எனக்குத் தெரியும். புது ஆள் ஒரு பொண்ணு. வால்வு சாவியை சைக்கிள்ல கட்டிக்கிட்டுச் சுத்துவா. என்கிட்டதான் சட்டை தைக்கக் கொடுத்திருக்கா. இன்னைக்குப் போகாதீங்க, மேட்டுத் தெருவுல குழாய் வெடிச்சு அங்க நிக்கிறா. நாளைக்கு மத்தியானம் பம்ப் ஷெட்டுக்குப் போங்க. அங்கதான் சாப்பிடுவா."

புதன்கிழமை மத்தியானம் பம்ப் ஷெட்டுக்குப் போனபோது சாவிக்காரி தரையில் உட்கார்ந்து டிபன் பாக்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் தோளுயரத்துக்கு ஒரு இரும்புச் சாவி, மேலே குறுக்காகக் கைப்பிடி வைத்தது, சுவரில் சாய்ந்திருந்தது.

"வாய்க்கால் தெருவா?" என்றாள். "அங்க எனக்கு மூடி எதுவும் இல்லையே."

"மூடின்னா?"

"வால்வு மூடி. பெரியவர் போகும்போது சாவியைக் கையில கொடுத்துட்டு, 'மோட்டார் வேலைக்காக எல்லா வால்வையும் அடைச்சு வெச்சிருக்கேன், மோட்டார் ஓடினதும் திறந்து விட்டுடும்மா'ன்னாரு. எங்கெங்க இருக்குன்னு கேட்டேன். 'ஊரைச் சுத்தி வா, மூடி இருக்கற இடமெல்லாம் வால்வு'ன்னாரு. சுத்தினேன், திறந்தேன்."

"மூடி தொலைஞ்சு போயிருந்தா?"

"மூடி இல்லைன்னா குழியா இருக்கும்ல? எந்தக் குழியைப் பாத்தாலும் உள்ள எட்டிப் பாத்துக்கிட்டேதான் போவேன். ரெண்டு எடத்துல அப்படித்தான் கிடைச்சுது. உங்க தெருவுக்கும் வந்தேன். குழியும் இல்ல, ஒண்ணும் இல்ல. முதல் வீட்டு வாசல்ல மட்டும் நீல டைல்ஸ் போட்டு அவ்வளவு அழகா இருந்துச்சு. கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு வந்தேன்."

நான் சாவியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"என்ன?" என்றாள்.

"குழி இருந்துச்சு."

அவள் மெல்வதை நிறுத்தினாள். "எங்க?"

"நீங்க நின்னு பாத்தீங்களே, அந்த டைல்ஸுக்குக் கீழ."

டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உடைச்சு வைங்க. சாயங்காலம் சாவியோட வர்றேன். இன்னைக்கு விட்டா சனிக்கிழமைதான்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். மச்சான் வேலை இல்லாமல் உள்ளே உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் பாயில் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்ததால் சண்டையை மெதுவான குரலில் போட வேண்டியிருந்தது.

"அது வடிகால் குழிடா," என்றார் மச்சான். "உள்ள ஒரு துருப்பிடிச்ச கம்பி நட்டுக்கிட்டு நின்னுச்சு. அவ்வளவுதான்."

"அந்தக் கம்பிதான் மச்சான் வால்வு."

"தண்ணிக் குழாய்னு எனக்கு எப்படித் தோணும்? அப்ப ஊருக்கே தண்ணி கிடையாது!" சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவர் மாதிரி வாயைப் பிளந்தபடி நின்றார்.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள். "உடைங்க."

"ஏய், நாளைக்குக் காலையில அந்த அம்மா வர்றாங்க. குழியை மூடச் சொன்னதே அவங்கதான். திறந்து வெச்சிருந்தா என்ன சொல்வாங்க?"

"குழி இருந்தாலும் மூடச் சொல்வாங்க, தண்ணி இல்லைன்னாலும் மூடச் சொல்வாங்க. தண்ணிக்கு நம்மால வேற வழி பண்ண முடியாது. குழிக்கு ஏதாவது பண்ணலாம். கடப்பாரை எங்க?"

"நீ கை வைக்காதே."

"அப்ப என்ன, தம்பி உடைக்கட்டுமா?"

"இந்தத் தூங்குமூஞ்சியா? வாசல் பூராவையும் நாசம் பண்ணிடுவான். தள்ளு. நானே உடைக்கிறேன்."

முதலில் உளியை வைத்து ஓரம் ஓரமாகத் தட்டினார். டைல்ஸை முழுசாக எடுத்துவிடலாம் என்று நினைத்தார். அவர் ஒட்டிய டைல் அப்படியெல்லாம் வரவில்லை. ஒன்று இரண்டாக உடைந்தது. அடுத்தது மூன்றாக. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உளியைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சம்மட்டியை எடுத்தார். பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் விழித்து அழுதார்கள்.

கான்கிரீட் போனதும் முடிந்தது என்று நினைத்தேன். கீழே மணல். அரைகுறை மேஸ்திரியாக இருந்திருந்தால் குழிமேல் ஒரு பலகையைப் போட்டுப் பூசியிருப்பார். நாங்கள் பலகையை எடுத்துவிட்டு வால்வைப் பார்த்திருப்போம். மச்சான் நல்ல மேஸ்திரி. குழி நிறைய மணலைக் கொட்டி, நனைத்து, இடித்து, மறுபடி கொட்டி, கல் மாதிரி இறுக்கி வைத்திருந்தார். மண்வெட்டி உள்ளே நுழைய இடமில்லை. அக்கா போய்ப் பிள்ளைகளின் பிளாஸ்டிக் மண்வாரிகளைக் கொண்டுவந்தாள். குழிக்குள் ஒரு கையை விட்டு, மஞ்சள் நிற வாரியால் நான் சுரண்டினேன்.

"தூக்க மாமா, புதையலா எடுக்கறீங்க?" என்றாள் ஒரு சின்னவள்.

"ஆமா. உங்க மேஸ்திரி மாமா ஒளிச்சு வெச்சது."

"எதுக்கு ஒளிச்சு வெச்சாரு?"

மச்சான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிள்ளைகளைக் கூட்டிப் போக அம்மாக்கள் வந்தபோது வாசல் போர்க்களம் மாதிரி இருந்தது. என்ன விஷயம் என்று கேட்டார்கள். அக்கா சொன்னாள். அதில் ஒருத்தி, கிடங்கில் எல்லோரையும் அதட்டிக்கொண்டே இருப்பவள், கைப்பையை வாசல் மரத்துக் கிளையில் மாட்டிவிட்டு என்னைப் பிடித்து நகர்த்தினாள். "எழுந்திரு. உன் கை பெரிசு, உள்ள போகாது." அவளும் இன்னொருத்தியும் மாறி மாறித் தோண்டினார்கள். வெயில் சாயும் நேரத்தில் மணலுக்குள்ளிருந்து சதுரமான ஒரு இரும்புத் தலை தெரிந்தது.

சாவிக்காரி சொன்னபடி வந்தாள். உடைந்த டைல்ஸைப் பார்த்து "அடடா" என்றாள். மச்சான் முகத்தைப் பார்த்ததும் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. சாவியை இறக்கித் திருகினாள். அசையவில்லை. மச்சான் ஒரு பக்கக் கைப்பிடியையும் நான் மறு பக்கத்தையும் பிடித்தோம்.

"முரட்டுத்தனமா திருகாதீங்க. தலை முறிஞ்சா தெருவையே தோண்டணும். முன்னாடி கொஞ்சம், பின்னாடி கொஞ்சம். ஆட்டுங்க. இன்னும். இன்னும்."

கிறீச்சென்று ஒரு சத்தம். பிறகு சாவி எங்கள் கையோடு வந்தது. உள்ளே சமையலறைக் குழாய் ஒரு கிழவன் மாதிரி இருமியது. அக்கா அங்கேதான் நின்றிருந்தாள்.

"வருது!" என்று கத்தினாள். "சேறாட்டம் வருது. நிறுத்தாதீங்க, முழுசாத் திறங்க!"

அன்று நான் வேலைக்குப் போகவில்லை. சூப்பர்வைசர் போனில் சொன்னதை இங்கே எழுத முடியாது. இன்னும் குழி பாக்கி இருந்தது. ஒரு பலகையை வைத்து மூடிவிடலாம் என்றேன். மச்சான் என்னைப் புழுவைப் போலப் பார்த்தார். தன் கலவை குழைக்கிற இரும்புத் தகட்டை, அவர் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து கூடவே இருந்ததை, வண்டியிலிருந்து இறக்கினார். குழியை அளந்தார். தகட்டை வெட்டினார். பழைய பின்கதவின் கீல்களைக் கழற்றிச் சட்டத்தில் பொருத்தினார். பூட்டு மாட்ட ஒரு கொக்கியும் வைத்தார்.

"இனிமே கலவைக்கு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"உன் முதுகுல குழைப்பேன். விளக்கைச் சரியாப் பிடி."

வியாழக்கிழமை லைசென்ஸ் அம்மா வந்ததும் வாசலில்தான் நின்றார். பாதித் தரை நீலமும் வெள்ளையும். மீதி வெறும் சிமெண்ட். நடுவில் ஒரு இரும்பு மூடி, பூட்டோடு.

"போன தடவை இங்க ஒரு குழி இருந்தது. மூடச் சொன்னேன்."

"மூடினோம் மேடம்," என்றாள் அக்கா. "தண்ணி வால்வு அதுக்குள்ளதான் இருந்துச்சு. தண்ணியும் சேந்து நின்னு போச்சு. அதான் உடைச்சு எடுத்து மூடி போட்டிருக்கோம்."

"நான் மூடச் சொன்னதாலதான் தண்ணி நின்னுச்சுன்னு சொல்றீங்களா?"

"அப்படிச் சொல்லலை மேடம். நடந்ததைச் சொன்னேன்."

அந்த அம்மா மூடியைக் காலால் தட்டினார். "தாங்குமா?"

அக்கா என் பக்கம் திரும்பினாள். "ஏறுடா." ஏறிக் குதித்தேன். தகடு மூச்சு விடவில்லை. "நீங்களும்," என்றாள். மச்சானும் ஏறிக் குதித்தார். கடைசியில் அக்காவே ஏறினாள். எங்கள் மூவரில் அவள்தான் கனம். எங்களைப் போல அவள் குதிக்கவில்லை. இரண்டு காலையும் ஊன்றி நடுவில் நின்று, அந்த அம்மாவைப் பார்த்தபடி இருந்தாள். இறங்கவும் இல்லை.

"போதும், இறங்குங்க," என்றார் அந்த அம்மா. "பூட்டியிருக்கே. அவசரத்துக்கு வால்வை அடைக்க வந்தா?"

"ஒரு சாவி என்கிட்ட, ஒண்ணு வால்வு பாக்கற பொண்ணுக்கு."

உள்ளே போனோம். பிள்ளைகள் கைகழுவும் இடத்தில் உயரம் குறைவாக ஒரு குழாய். அக்கா அதைத் திறந்தாள். குழாய் இருமியது. காற்று வந்தது. பிறகு பழுப்பாகக் கொஞ்சம் தண்ணீர். அந்த அம்மாவின் புருவம் ஏறியது. அக்கா குழாயை மூடவில்லை, விளக்கம் சொல்லவும் இல்லை. பழுப்பு மஞ்சளாகி, மஞ்சள் வெளுத்து, தெளிந்த தண்ணீர் கொட்டியது. அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குனிந்து தன் கையை அதில் கழுவினார். வாட்ச் நனையாமல் இருக்க மேலே தள்ளிவிட்டுக்கொண்டார்.

"மூடியோட விளிம்பு கூரா இருக்கு. பிள்ளைங்க கால் கிழியும். ரப்பர் அடிங்க. அடுத்த மாசம் வந்து பாப்பேன். அதுவரைக்கும் நடத்துங்க."

அவர் வண்டி வாய்க்காலைத் தாண்டித் திரும்பும் வரை வாசலிலேயே நின்றோம். பிறகு அக்கா கொடியிலிருந்து துண்டை எடுத்து என் மேல் வீசினாள். "முகத்தைக் கழுவிட்டுப் போய்த் தூங்கு. கண்ணு ரெண்டும் உள்ள போயிடுச்சு." அவள் வாயிலிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. மச்சான் சைக்கிள் டயர் ஒன்றைத் தேடி எடுத்து, விளிம்புக்கு வெட்ட ஆரம்பித்திருந்தார்.

படுப்பதற்கு முன்னால் தையல்காரம்மாவைக் கூப்பிட்டேன், சொன்ன சொல்லுக்காக.

"வாய்க்கால் தெரு, வாரியத்துத் தண்ணி, வால்வு முதல் வீட்டு வாசல்ல, சாவி காப்பகத்து அக்காகிட்ட," என்று ஒப்பித்துக்கொண்டார். "சரி. ஞாபகம் வெச்சுக்கறேன்."

"தொட்டியில உங்க நம்பரை அழிச்சிடட்டுமா? ஏணி இருக்கு. எனக்குப் பகல்ல வேலை இல்லை."

மெஷின் நின்றது. "அழிச்சிட்டு யார் நம்பரை எழுதுவீங்க?"

கண்ணாடிக்காரரை நினைத்துப் பார்த்தேன். "தெரியலையே," என்றேன்.

"அப்ப கிடக்கட்டும்," என்றார். மெஷின் மறுபடி ஓடியது.

படுத்தேன். முன்னறையில் பிள்ளைகள் குழாயைத் திறந்துவிட்டு ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் அடித்துக் கூச்சலிட்டார்கள். தூக்க மாமா தூங்குறாரு, யாரும் சத்தம் போடக் கூடாது என்று அக்கா அவர்கள் எல்லோரையும் விடச் சத்தமாகக் கத்திக்கொண்டிருந்தாள்.